மறுபடி ஊரடங்கு வந்தால்: நாகர்கோவில் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு. 21 நாள் என்று தொடங்கியது, நீண்டு நீண்டு மே 31 வரை போனது. அப்புறம் ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிற்றுக்கிழமைகள். 2021 மே 10 முதல் இரண்டாம் அலை ஊரடங்கு. 2022 ஜனவரியில் மூன்று ஞாயிறுகள். இன்னொரு தடவை வராது என்று யாராலும் எழுதித்தர முடியாது. நினைவு முழுசாகத் தேய்வதற்குள் எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆபத்து புதிதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் மணக்குடியும் பட்ட பாடு தெரியும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் மரமும் மின்கம்பமும் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஆனால் அதெல்லாம் அடித்துவிட்டுப் போனவை. விடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது கண்முன்னே கிடந்தது: மரத்தை வெட்டு, ஓட்டை மாற்று, கடலுக்குப் போனவரைத் தேடு. ஊரடங்கில் பெரும்பாலான நாட்களில் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காத அந்த நாளைத்தான் தாங்க முடியவில்லை.

மூச்சுப் பயிற்சி இந்த வழிகாட்டியில் ஐந்தாம் படியில்தான் வருகிறது. வேண்டுமென்றேதான் பின்னால் வைத்திருக்கிறேன். ஊரடங்குப் பதற்றத்தில் பாதிக்கு மேல், செய்யாமல் விட்ட வேலையிலிருந்து வருவது என்பது என் எண்ணம். பிரஷர் மாத்திரை நாலு நாளைக்குத்தான் இருக்கிறது என்று தெரிந்த அம்மாவிடம் போய் மூச்சை இழுத்து விடச் சொல்லி என்ன பயன்? முதலில் மாத்திரை. அதன் பிறகும் மிச்சம் இருக்கிற பயத்துக்குத்தான் மற்ற வைத்தியம்.

படி 1: மருந்து டப்பாவைத் திறங்கள்

அறிவிப்பு வந்ததும் ஊரே காய்கறிக்கு ஓடும். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளை எடுங்கள். வீட்டில் யார் யார் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது. கடைசிக் கணக்குதான் முக்கியம். பத்து நாளைக்குக் குறைவாக உள்ளதை இன்றே வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு இருந்தால் போதும். ஊரடங்கிலும் மருந்துக் கடைகள் திறந்துதான் இருந்தன. மூன்று மாதத்துக்கு வாங்கிக் குவித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லாமல் போகும்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையை அரசு ஆஸ்பத்திரியில் வாங்குகிறவர்களுக்கு 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். பெயர் சேர்க்காவிட்டால் ஊரடங்கு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். 2021 மே கடைசி வாரத்தில் முழு ஊரடங்கும் கனமழையும் ஒன்றாக வந்தது நினைவிருக்கும். திறந்த குப்பி பெரும்பாலும் சுமார் நான்கு வாரம் வெளியில் தாங்கும், வெயிலும் சூடும் படக் கூடாது, அவ்வளவுதான். திறக்காத குப்பியை ஒரு டப்பாவில் மூடி, ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைக்கலாம். வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை இரண்டையும் ‘கொஞ்ச நாள் இல்லாமல் பார்ப்போம்’ என்று மட்டும் நிறுத்தாதீர்கள்.

இனி நம் மாவட்டத்துக்கே உள்ள ஒரு சிக்கல். பெரிய நோய் என்றால் நம்மில் பலர் மதுரைக்குப் போவதில்லை, திருவனந்தபுரத்துக்குப் போகிறோம். ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் மையம், இதயத்துக்கும் நரம்புக்கும் ஸ்ரீ சித்திரா, அங்குள்ள மெடிக்கல் காலேஜ். சாதாரண நாளில் களியக்காவிளை ஒரு பஸ் நிறுத்தம். ஊரடங்கில் அது மாநில எல்லை. அங்கே சிகிச்சையில் இருக்கிறவர் வீட்டில் செய்ய வேண்டியது: சீட்டு, ஸ்கேன் அறிக்கை, நோயாளி எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வைக்க வேண்டும். எல்லை மூடுவதற்கு முன்பே டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டுவிட வேண்டும். எந்த ரத்தப் பரிசோதனையை நாகர்கோவிலிலேயே எடுக்கலாம்? அடுத்த தவணை எத்தனை நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை? எந்த அறிகுறி வந்தால் அனுமதிக்குக் காத்திராமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும்? பதிலை அந்த மருந்துத் தாளிலேயே எழுதுங்கள். டயாலிசிஸ் உள்ளவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில், வண்டி ஓட்டக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. 108 வரும், ஆனால் கூட்டமான நாளில் தாமதமாகலாம்.

படி 2: இரண்டு வாரச் சாப்பாடு

2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று அறிவித்துவிட்டு, மே 22, 23 இரண்டு நாளும் எல்லாக் கடைகளையும் திறக்கவிட்டார்கள். அந்த இரண்டு நாள் கடைத்தெருக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அங்கே போய் நின்றவர்கள் என்ன வாங்கிவந்தார்கள் என்று கேட்கத் தோன்றியிருக்கும். அந்தக் கூட்டத்தில் சேராமல் இருப்பதுதான் இந்தப் படியின் நோக்கம். எப்போதுமே இரண்டு வாரத்துக்கான பலசரக்கு வீட்டில் இருந்தால் போதும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ இப்படி: அரிசி 15 கிலோ, பயறு 2 கிலோ, பருப்பு 2 கிலோ, தேங்காய் எண்ணெய் 2 லிட்டர், புளி அரை கிலோ, வற்றல் மிளகாய், மல்லி, நல்லமிளகு, சின்ன உள்ளி. தேங்காயை மறந்துவிடாதீர்கள். வெளியூர்ப் பட்டியல்களில் தேங்காய் இருக்காது. இங்கே ஒரு நாளைக்கு ஒன்றாவது உடைக்காத வீடு குறைவு. பன்னிரண்டு, பதினாலு கிடக்கட்டும். உரிக்காமல் வைத்தால் கெடாது.

மீன் விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. விசைப்படகுத் தடைக்காலம் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் முதல் கணக்கில், குளச்சலும் முட்டமும் இரண்டாம் கணக்கில். ஆகவே சாதாரண வருஷத்தில் ஒரு பக்கம் ஓய்ந்தாலும் இன்னொரு பக்கத்திலிருந்து மீன் வரும், வள்ளத்துக்காரர் மீனும் இருக்கும். ஊரடங்கில் எல்லாம் ஒன்றாக நின்றது. மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆட்கள் வீட்டில் இருந்தால் நெத்திலிக் கருவாடும் சாளைக் கருவாடும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் போன் எண்ணையும் வாங்கி வையுங்கள். சந்தையை மூடினாலும் அந்த அக்கா வருவதற்கு ஏதாவது வழி இருந்தது.

மரச்சீனிக் கிழங்கைச் சேர்த்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு விழுந்து கெட்டுவிடும். நிறையக் கிடைத்தால் நறுக்கி, அரைவேக்காடாக வேகவைத்து, வெயிலில் நன்றாகக் காயப்போட்டு எடுத்து வைக்கலாம். சக்கைக்குருவை, அதாவது பலாக்கொட்டையை, மணலில் புதைத்து வைத்தால் வெகுநாள் வரும். 2020 ஊரடங்கு சரியாகச் சக்கை, மாங்காய்க் காலத்தில் வந்தது. விளை (தோட்டம்) உள்ள சொந்தக்காரர்கள் இருந்த வீடுகள் பாதிக் காய்கறிச் செலவை அதிலேயே தள்ளிவிட்டன.

ஒரு வாரச் சமையலை முன்கூட்டியே எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். இது சிக்கனத்துக்காக இல்லை. ‘இன்னைக்கு என்ன வைக்க’ என்ற கேள்வியை ஒரு நாளைக்கு மூன்று வேளை ஒரே பெண் தாங்கிக்கொண்டிருப்பது ஊரடங்கில் யாரும் கவனிக்காத சுமை. ராத்திரி கஞ்சியும் பயறும், தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல் என்று ஏழு ராத்திரியையும் முடிவுசெய்தால்கூடத் தப்பில்லை. கடைக்கு ஒரே ஆள், வாரம் இரண்டு தடவை. பட்டியலை அண்ணாச்சி கடைக்கு வாட்ஸ்அப்பில் முதலிலேயே அனுப்பிவிட்டால் போய் எடுத்துவருவதுதான் வேலை. கேஸ் சிலிண்டர் மாற்றிய அன்றே அடுத்ததற்குப் பதிவு செய்யுங்கள்.

படி 3: பணத்தை ஒரே தாளில் பாருங்கள்

பணக் கவலை தலைக்குள் இருக்கும்போது அதற்கு அளவே கிடையாது. தாளில் எழுதினால் ஒரு தொகையாவது தெரியும். கையில் உள்ளது, கண்டிப்பாக வரக்கூடியது, கண்டிப்பாகக் கொடுக்க வேண்டியது, தள்ளிப்போடக்கூடியது. ரப்பர் பால்வெட்டு, கட்டிட வேலை, ஆட்டோ, மீன் ஏலம் என்று அன்றாடக் கூலியில் ஓடும் வீடுகளுக்கு இரண்டாவது இடம் காலியாகத்தான் இருக்கும். அப்போது நான்காவதை நீட்ட வேண்டும்.

2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. ஆகஸ்ட் 31 வரை அது நீண்டது. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கட்ட முடிகிறவர்கள் கட்டியதே லாபம். முடியாதவர்கள் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். வாசலில் வந்து நிற்கும் வாரத் தவணைக்காரரிடம் வாய்ப்பேச்சு உதவாது. ரேஷன் ஸ்மார்ட் கார்டில் பெயர், போன் எண் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 2020இல் அட்டைக்கு 1,000 ரூபாயும் 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் ரேஷன் அட்டை வழியாகத்தான் வந்தன.

படி 4: செய்திக்கு நேரம் குறியுங்கள்

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நடுவில் வேண்டாம். மாநிலத்தில் இன்று எத்தனை பேர் என்ற எண் தெரிந்தால் நாளை நீங்கள் செய்யப்போகிற எதுவும் மாறாது. நம் தெரு கட்டுப்பாட்டுப் பகுதியா, தகரம் அடித்திருக்கிறார்களா, கடை எத்தனை மணி வரை, காய்ச்சல் முகாம் எங்கே, சந்தையை எந்த மைதானத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்: இவை தெரிந்தால் மாறும். இந்த இரண்டாவது வகையை மட்டும் தேடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாநகராட்சி அறிவிப்புகள் போதும். சந்தேகம் என்றால் 1077.

யார் பேசுகிறார் என்று தெரியாத ஆடியோவை அனுப்பாதீர்கள். ‘ஆசாரிபள்ளத்தில் வேலை செய்கிற நர்ஸ் சொன்னது’ என்று தொடங்கினால் உடனே அழித்துவிடலாம். குடும்பக் குரூப்பில் இதைச் செய்கிறவர் பெரும்பாலும் ஒரு சித்தப்பாவாகத்தான் இருப்பார். குரூப்பில் வைத்துத் திருத்தினால் வம்பு வளரும். தனியாகக் கூப்பிட்டு, “சித்தப்பா, அது பழைய ஆடியோ, பிள்ளைங்க பயப்படுது” என்றால் போதும்.

படி 5: உடம்பில் ஏறும் பதற்றம்

மேலே சொன்னதையெல்லாம் முடித்த பிறகும் நெஞ்சு படபடக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வரும். தொண்டை லேசாகக் கரகரத்தால் ‘வந்துவிட்டதோ’ என்று தோன்றும். அது பைத்தியக்காரத்தனம் இல்லை.

முதலில் எது பதற்றம், எது மூச்சுத்திணறல் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். தெருவுக்கு ஒன்று என்றாலும் சரி. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத, குளிர்ந்துபோகாத விரலில் மாட்டி, எண் நிலையாக நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். 94க்குக் குறையாமல் இருந்து, திடீரென ஏறிய படபடப்பு பத்து நிமிட அளவில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணிந்தால் அது பெரும்பாலும் பதற்றம்தான். நெஞ்சை அழுத்துகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, குளிர்ந்த வியர்வை என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108 கூப்பிடுங்கள். அந்த இடத்தில் ‘டென்ஷனாத்தான் இருக்கும்’ என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

பதற்றம் என்று தெரிந்தால் செய்யவேண்டியது எளிது. நாலு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம். வெளியே விடும் மூச்சு நீளமாக இருப்பதில்தான் விஷயம். அது நெஞ்சுத் துடிப்பைத் தணிக்கும். தலைசுற்றினால் வேகமாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

அதைவிட எனக்கு நம்பிக்கை உள்ளது கைவேலை. கையும் கண்ணும் சேர்ந்து, அவசரமில்லாமல், ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்கிற வேலை. முருங்கைக்கீரை உருவுவது, நெத்திலி ஆய்வது, கிணற்றில் தண்ணீர் இறைத்து விடுவது. தோவாளைப் பக்கத்துப் பெண்கள் பூக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விரல் பாட்டுக்கு ஓடும், பேச்சும் நடக்கும், முகத்தில் பரபரப்பு இருக்காது. போனைத் தேய்ப்பதும் ஒரே மாதிரி வேலைதான் என்று பிள்ளைகள் வாதம் பண்ணுவார்கள். அதில் ஒவ்வொரு தேய்ப்புக்கும் புதிதாக ஒரு பயம் கிடைக்கிறதே.

கவலைக்கென்று ஒரு நேரம் வைப்பதும் உதவும். தினமும் மாலை ஐந்தரைக்கு, இருபது நிமிடம், ஒரு நோட்டில் எழுதுங்கள். நடுவில் வருகிற கவலையிடம் ‘அஞ்சரைக்கு வா’ என்று சொல்லிவிடலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஐந்தரைக்கு எழுத உட்காரும்போது பாதி மறந்திருக்கும். மறக்காததில், நாளை செய்யக்கூடிய வேலையாக மாற்ற முடிகிறவற்றை மருந்து, சாப்பாடு, பணம் பட்டியல்களுக்கு மாற்றுங்கள்.

தூக்கத்துக்கு ஒன்றே ஒன்று: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். எழுந்ததும் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ அரை மணி நேரம் நடங்கள். பகல் தூக்கம் வேண்டாம். மத்தியானம் சோற்றுக்கு அப்புறம் சாய்கிற ஊரில் இதைச் சொல்வது பெரிய அநியாயம்தான்.

படி 6: நான்கு சுவருக்குள் இருப்பவர்கள்

வீட்டுப் பாட்டாவைக் கட்டிப்போட முடியாது. அவருக்கு டீக்கடை என்பது டீ மட்டும் இல்லை. செய்தித்தாள், நண்பர்கள், மரியாதை எல்லாம் அங்கேதான். “வெளியே போகாதீங்க” என்று நாலு தடவை சொல்வதைவிட, டீக்கடைக்குப் போகிற அதே நாலு மணிக்குக் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்து, அவருடைய கூட்டாளிக்குப் போன் போட்டுக் கொடுங்கள். வேலை ஒன்றும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். ரேஷன் கணக்கு, செடிக்குத் தண்ணீர், பேரனுக்குக் கணக்குப் பாடம், ஏதாவது.

பிள்ளைகள் விஷயத்தில் பெரிய திட்டம் தேவையில்லை. குளிப்பது, சாப்பிடுவது, படிப்பது, விளையாடுவது தினமும் அதே நேரத்தில் நடந்தால் போதும். ஒரே போனை இரண்டு பிள்ளைகள் பங்குபோடும் வீடானால் யாருக்கு எப்போது என்று எழுதி ஒட்டுங்கள்.

குடிப்பவர் இருக்கும் வீட்டுக்கு இது முக்கியம். 2020 மார்ச் 24 முதல் மே 7 வரை மதுக்கடை மூடிக் கிடந்தது. ‘நல்லதாப் போச்சு’ என்று பல வீடுகளில் நினைத்தோம். தினமும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு ஆளே இல்லாத இடத்தில் ஆளைப் பார்த்துப் பேசினால், இடம் நேரம் குழம்பினால், அது உயிருக்கே ஆபத்து. திட்டிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சானிடைசர், வார்னிஷ் போன்றவற்றைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடி, உதை என்று போனால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. ஊரடங்கிலும் அந்த எண்கள் வேலை செய்யும்.

படி 7: தூரத்தில் இருப்பவர்கள்

இந்த மாவட்டத்தில் பாதிப் பதற்றம் போன் வழியாக வருகிறது. மகன் துபாயில், மருமகன் சவுதியில், தம்பி கப்பலில். எந்நேரமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி போகும். ஒரு நேரம் குறியுங்கள். நமக்கு ராத்திரி ஒன்பது மணி என்றால் துபாயில் ஏழரை, சவுதியிலும் குவைத்திலும் ஆறரை. அந்த நேரத்தில் கூப்பிடவில்லை என்றால் மட்டும் கவலைப்படலாம் என்று இரு பக்கமும் பேசி வையுங்கள்.

திரும்பி வர வேண்டியவர் இருந்தால், வீட்டில் ஒருவர் மட்டும் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் நகல், விசா நகல், வேலை செய்யும் இடத்தின் விலாசம், யாரிடம் எந்தத் தேதியில் மனு கொடுத்தோம் என்பதெல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்கள் ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கியது 2020 ஜூலை 1 அன்று. மூன்று மாதத்துக்கு மேல் அவர்களுடைய வீடுகள் காத்திருந்தன. அவ்வளவு நீளமான காத்திருப்பில் ஏழு பேரும் ஏழு பேரிடம் விசாரித்தால் ஏழு விதமான பதில்தான் கிடைக்கும்.

படி 8: வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்

தனி அறை, இல்லாவிட்டால் காற்று வருகிற ஒரு மூலை, நடுவில் ஒரு கயிற்றில் சேலை. தனித் தட்டு, டம்ளர். பார்த்துக்கொள்ள ஒரே ஆள், இருவருக்கும் மாஸ்க். ஜன்னலை மூடாதீர்கள். காலை, மாலை காய்ச்சல் அளவையும் ஆக்சிஜன் அளவையும் தேதி போட்டு எழுதுங்கள். ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால் 108. வண்டி வரும்வரை குப்புறப் படுக்க வைப்பது கொஞ்சம் உதவும். கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம். சந்தேகம் கேட்க 104.

கபசுர குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதைக் குடித்ததால் பரிசோதனைக்குப் போக வேண்டாம் என்று இருக்கக் கூடாது. வாசலில் தகரம் அடித்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்குப் பாலும் காய்கறியும் யார் வாங்கி வைப்பது என்பதைத் தெருவில் இரண்டு பேர் பேசி முடிவு செய்தால் போதும்.

படி 9: சாவு விழுந்தால்

2020 விதிப்படி அடக்கத்துக்கு 20 பேர். துட்டி கேட்க ஊரே திரண்டு வருகிற பழக்கம் உள்ள நமக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. யார் அந்த இருபது பேர் என்பதை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்; அந்த நேரத்தில் சண்டை வேண்டாம். வர முடியாதவர்கள் போனில் ‘வருத்தப்படாதீங்க’ என்று சொல்லி வைத்துவிடாமல், இறந்தவரைப் பற்றி நினைவில் இருக்கிற ஒன்றைச் சொல்லுங்கள். ஊரடங்கு முடிந்த பிறகு பதினாறாம் நாளோ நாற்பத்தொன்றாம் நாளோ கணக்கில் தவறிவிட்டாலும் ஒரு நாள் எல்லாரும் நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வரத்தான் வேண்டும். தேதி பிந்தியதால் அதை விட்டுவிட்ட வீடுகளில் துக்கம் ஆறாமல் கிடப்பதைப் பார்க்கிறேன்.

படி 10: இரண்டு வாரத்துக்கு மேல் போனால்

தூக்கம், பசி இரண்டும் இரண்டு வாரமாகக் கெட்டுக் கிடந்தால், அழுகை நிற்காவிட்டால், யாரோடும் பேசப் பிடிக்காவிட்டால் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆசாரிபள்ளத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலாவது வந்தால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றே பேசுங்கள். அப்படிச் சொன்னவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை எடுத்து ஒளித்து வையுங்கள். நேராகக் கேட்டால் எண்ணம் வலுத்துவிடும் என்பது தப்பு. “சாகணும்னு தோணுதா மக்களே?” என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

போனில் பேச 14416. 2022 அக்டோபர் முதல் இருக்கும் மனநல உதவி எண் இது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல்தான் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். ‘ரெண்டு வாரமா தூக்கம் இல்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, யார்கிட்ட சொல்லன்னு தெரியல’ என்று சொன்னால் போதும். மிச்சத்தை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.